மாதிரிப் படகுகளுக்கு ஒரு படித்துறை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில், ஊருக்கு மேற்கே உள்ள குளத்தில் ஞாயிறுதோறும் ரேடியோவால் இயக்கும் மாதிரிப் படகுகளை ஓட்டுவோரைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்று அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். பறவைகள் கலைகின்றன, இரைச்சல் தாங்க முடியவில்லை, பள்ளிப் பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டுக் கரையில் நிற்கிறார்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள் பொம்மைப் படகு விடுவதால் ஊருக்கு என்ன நன்மை என்பவை அவர் எழுப்பிய கேள்விகள். அந்தக் கரையில் நிற்பவர்களில் நானும் ஒருவன். முப்பத்தோராண்டுகள் சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, பிறந்த ஊராகிய தூத்துக்குடிக்குத் திரும்பியவன். அவருடைய கடிதத்தில் நியாயமும் இருக்கிறது, விவரம் அறியாமல் எழுதியதும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துச் சொல்லும் கடமை எனக்கு உண்டு என்று கருதியே இதை எழுதுகிறேன்.

இரைச்சலைப் பற்றி அவர் எழுதியது முழுக்கச் சரி. அண்மைக் காலமாக இளைஞர்கள் சிலர் பெட்ரோல் எஞ்சின் பூட்டிய பந்தயப் படகுகளை அங்கே கொண்டுவருகிறார்கள். அவை பெரும்பாலும் பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஓட்டும் சிறிய டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள். எரியாத எண்ணெயில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியாக நேரே தண்ணீரில் போய்ச் சேரும். ஆடு மாடு குடிக்கும் குளத்தில் அவற்றை ஓட்டவே கூடாது என்பதுதான் எங்கள் கருத்தும். அந்த இளைஞர்களிடம் இரண்டு முறை நேரில் சொல்லியும் பார்த்தோம். நகர நிர்வாகம் அங்கே பெட்ரோல் எஞ்சின்களைத் தடை செய்யுமானால், முதலில் வரவேற்பவர்கள் நாங்களாகவே இருப்போம்.

ஆனால், அசுர வேகத்தில் பாயும் படகுகள் என்று எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்த்திருப்பது சரியன்று. எங்களில் பெரும்பாலோர் வைத்திருப்பவை, உண்மையான கப்பல் ஒன்றை அளவு குறைத்துக் கட்டிய மாதிரிகள். மின்மோட்டாரிலோ பாயிலோ ஓடுபவை. கப்பலின் வேகத்துக்கும் மாதிரியின் வேகத்துக்கும் என்ன உறவு என்பதை வில்லியம் ஃபுரூடு என்ற ஆங்கிலப் பொறியாளர் கண்டறிந்து, 1872-இல் டார்க்கி என்ற கடற்கரை ஊரில் நீண்ட நீர்த்தொட்டி ஒன்றைக் கட்டி, அதில் மாதிரிகளை இழுத்துச் சோதித்தார். நீளம் எத்தனை மடங்கு குறைகிறதோ, அதன் வர்க்கமூலத்தின் அளவுக்கே வேகம் குறைய வேண்டும், அப்போதுதான் மாதிரி எழுப்பும் அலை கப்பல் எழுப்பும் அலையைப் போலவே தோன்றும் என்பது அவர் வகுத்த விதி. 25-இல் ஒரு பங்காகக் கட்டிய மாதிரி, கப்பலின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கில்தான் ஓட வேண்டும். மணிக்கு 11 கிலோமீட்டர் ஓடிய ஒரு பாய்த்தோணியின் மாதிரி 2.2 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் போதும். வயதானவர் ஒருவர் கைத்தடியோடு கரையில் நடக்கும் வேகம்தான் அது. அதற்கு மேல் ஓட்டினால் முன்முனையாகிய அணியத்தில் அலை பொங்கி, பார்க்கிறவர் கண்ணுக்கே அது கப்பலாகத் தெரியாது. இந்தப் பொழுதுபோக்கில் நிதானம் என்பது நாகரிகம் மட்டுமன்று, கணக்கும் அதையே கேட்கிறது.

பொம்மைப் படகு என்ற சொல்லுக்குத்தான் நான் சற்று விரிவாக விடை சொல்ல விரும்புகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், பழைய துறைமுகத்துக்கு அருகே குடியிருக்கும் ஒரு குடும்பத்தார், வீட்டை இடித்துக் கட்டப்போவதாகவும், பரணில் ஒரு மரக்கலம் கிடப்பதாகவும், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்றும் எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். அது ஓடாவிக் குடும்பம். மரக்கலம் கட்டும் தச்சரை எங்கள் பகுதியில் ஓடாவி என்றுதான் சொல்வோம். இன்றைய வீட்டுக்காரரின் தந்தை கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிச் சென்ற தோணிகளைக் கட்டியவர். அவர் தம் கையால் செய்து வைத்த மூன்றடி நீள மாதிரி அது. புதிதாகத் தோணி கட்டச் சொல்லி வருபவருக்கு உருவத்தைக் காட்டுவதற்காகச் செய்தது என்று வீட்டார் சொன்னார்கள். எழுபத்தைந்து அடித் தோணிக்கு மூன்றடி என்றால், சரியாக 25-இல் ஒரு பங்கு.

இதன் அருமையை வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஓடாவிகள் வரைபடம் வைத்துத் தோணி கட்டியவர்கள் அல்லர். அடிமரமாகிய ஏராவின் நீளத்தைச் சொன்னால் அகலம், உயரம், விலா எலும்புகளைப் போன்ற வங்குகளின் வளைவு, பாய்மரத்தின் நீளம் எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்றாக அவர்கள் மனக்கணக்கில் பிறக்கும். ஆகவே தோணி உடைந்து போனால் அதன் வடிவமும் போயிற்று; ஓடாவி கண்மூடினால் கணக்கும் போயிற்று. காகிதம் எதுவும் மிஞ்சாத இடத்தில், அந்தக் கையே செய்து வைத்த மூன்றடி மாதிரி என்பது ஓர் ஆவணம். அதைக் கொலுவில் வைக்கும் பொருளாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

கைக்கு வந்தபோது அதன் நிலை இரங்கத்தக்கதாக இருந்தது. அடித்திருந்த இரும்பாணிகள் துருவேறிப் பருத்து, ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் பலகையைப் பிளந்திருந்தன. வலப்பக்கத்துப் பலகைகள் இரண்டு உளுத்து, விரல் பட்டால் மாவாக உதிர்ந்தன. நடுப் பாய்மரம் முறிந்து கிடந்தது. பாயில் ஒரு கிழிசல்தான் மிச்சம். எப்போதோ ஒருவர் அதன்மீது நீல எனாமல் பெயிண்டைக் கெட்டியாகப் பூசியிருந்தார். அதைக் கவனமாகச் சுரண்டிய ஓரிடத்தில், பலகை இடுக்குகளில் பருத்தி நூலைத் திணித்துக் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி அடைத்திருந்த கலப்பத்து தெரிந்தது. பெரிய தோணிக்குச் செய்யும் அதே வேலையை மூன்றடி மாதிரிக்கும் குறைவின்றிச் செய்திருக்கிறார் அந்த மனிதர். பார்வைக்கு வைக்கும் பொருளுக்கு எவரும் கலப்பத்து அடிக்க மாட்டார். மிதக்க வேண்டும் என்று எண்ணித்தான் அவர் அதைக் கட்டியிருக்க வேண்டும். தண்ணீரில் விடலாம் என்ற துணிவு எனக்கு வந்தது அந்த நூலைப் பார்த்த பிறகுதான்.

பழைய மாதிரிகளைச் செப்பனிடுவோர் நடுவே இதில் கருத்து வேறுபாடு உண்டு. பழையது பழையதாகவே இருக்க வேண்டும், தண்ணீரில் விட்டால் பாழாகும் என்பார் ஒரு சாரார். உள்ளே முழுவதும் ஃபைபர் கிளாஸ் துணி ஒட்டி எப்பாக்சி என்ற பிசினைப் பூசிவிட்டால் நூறாண்டு நிற்கும் என்பார் மற்றொரு சாரார். எனக்கு இரண்டாவது வழி அறவே ஒப்பவில்லை. எப்பாக்சி பூசிய பலகையை நாளை வேறொருவர் கழற்றிப் பார்க்க முடியாது. உள்ளே வங்குகளை எப்படிப் பொருத்தினார் என்பது பிசினுக்குள் மறைந்துவிடும். நான் எடுத்துக்கொண்ட விதி ஒன்றே ஒன்று: இன்று நான் செய்வது எதையும், வருங்காலத்தில் இதைக் கையில் எடுப்பவர் சேதமின்றிக் கழற்ற முடிய வேண்டும். அதன்படி, துருவேறிய ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அதே துளைகளில் பித்தளை ஆணி இட்டேன். உளுத்த இரண்டு பலகைகளுக்கு மட்டும் புதுப்பலகை செதுக்கினேன். எது புதியது என்று தெரியும்படி அவற்றின் உட்புறத்தில் ஆண்டைக் குறித்தேன். கழற்றிய பழைய பலகைகளும் கிழிந்த பாயும் பருத்தித் துணியில் சுற்றி ஒரு பெட்டியில் இருக்கின்றன. புதிய பாயைக் கிழிசலின் தையலைப் பார்த்துக் காடாத் துணியில் தைத்தோம். நீலப் பெயிண்டை எடுக்கவே நான்கு மாதம் ஆயிற்று. சூடு காட்டினால் குங்கிலியம் உருகிவிடும், ஆகையால் கண்ணாடித் துண்டால் சுரண்டுவதைத் தவிர வேறு வழி இல்லாமல் போயிற்று.

இனி, அதைப் பாயில் ஓட்டுவது எப்படி? பாய்மரக் கப்பலை அப்படியே அளவு குறைத்தால் அது தண்ணீரில் நிற்காது, கவிழ்ந்துவிடும். இதைப் பலர் நம்புவதில்லை. நீளம் 25 மடங்கு குறையும்போது, பாயைச் சாய்க்கும் காற்றின் திருப்புவிசை 25-இன் மும்மடியால், அதாவது 25 × 25 × 25 மடங்குதான் குறையும். தோணியை நிமிர்த்தும் பாரத்தின் திருப்புவிசையோ 25-இன் நான்காம் மடியால் குறைந்துவிடும். ஆகையால் அதே காற்றில், மாதிரி 25 மடங்கு எளிதாகச் சாயும். காற்றின் வேகம் ஐந்து மடங்கானால் அதன் விசை 25 மடங்காகும்; ஆகவே வேறு வகையில் சொன்னால், குளத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் இளங்காற்று, அந்த மூன்றடித் தோணிக்கு 100 கிலோமீட்டர் புயலாகும். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் தூத்துக்குடியில் இதைச் சோதித்துப் பார்க்கவே வேண்டியதில்லை.

இதற்கு உலகெங்கும் மாதிரிப் பாய்க்கப்பல் ஓட்டுவோர் கையாளும் வழி, ஏராவுக்குக் கீழே ஒரு தகட்டை இறக்கி, அதன் முனையில் ஈயக்குண்டு தொங்கவிடுவது. போட்டிக்கென்றே வடிவமைத்த ஒரு மீட்டர் வகைப் படகுகளில் இது இயல்பாகவே அமைந்திருக்கும். குறைந்தது நான்கு கிலோ எடை இருக்க வேண்டும் என்ற விதியுள்ள அந்தப் படகின் எடையில் பாதிக்கும் மேல் அடியில் தொங்கும் ஈயமே. தோணிக்கு நான் துளை போட விரும்பவில்லை. ஏராவை இருபுறமும் ரப்பர் வைத்துக் கவ்விப் பிடிக்கும் பித்தளைக் கவ்வி ஒன்று செய்து, ஒரு சாண் நீளத் தகட்டின் முனையில் இரண்டரைக் கிலோ ஈயத்தைப் பொருத்தினேன். வீட்டுக்கு வந்தால் கழற்றிவிடலாம். கலம் மட்டும் மூன்றரைக் கிலோ. சரக்கேற்றிய தோணியைப் போல நீர்க்கோடு வரை அமிழ வேண்டுமானால் மொத்தம் ஒன்பதரைக் கிலோ வேண்டும். மீதிக்கு ஆறு வோல்ட் பேட்டரியும் ஈயத் துண்டுகளும் அடிப்பாரமாக உள்ளே சென்றன. ஒன்பதரைக் கிலோவை 25-இன் மும்மடியாகிய 15,625-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 148 டன் வருகிறது; சரக்கேற்றிய முழுத் தோணியின் எடை அது. அந்தத் தொகையைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது, ஓடாவியின் கைக்கணக்கு எத்தனை நேர்த்தியானது என்று மலைத்துப் போனேன்.

ரேடியோக் கருவிகளைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. கையில் பிடித்திருப்பது டிரான்ஸ்மிட்டர், கலத்துக்குள் இருப்பது ரிசீவர். சுக்கானைத் திருப்ப ஒரு சர்வோ, அதாவது கட்டளைக்கேற்பத் திரும்பும் சிறு மோட்டார்; பாயின் தாமான் கயிற்றை இழுக்கவும் தளர்த்தவும் அதைவிட வலுவான ஒரு சுருள் சர்வோ. இரண்டே கட்டளைகள். இவை எல்லாவற்றையும் மூடி இறுக்கமான ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, டப்பாவைத்தான் தோணிக்குள் வைத்திருக்கிறேன், மரத்தில் ஒரு திருகாணி கூடக் கிடையாது. பழைய 27 மெகாஹெர்ட்ஸ் செட்டுகளில், ஒரே அலைவரிசையில் இருவர் சுவிட்சைப் போட்டால் இருவர் படகும் கட்டுப்பாடு இழக்கும். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டுகளில் ஒவ்வொரு ரிசீவரும் தன் டிரான்ஸ்மிட்டரை மட்டுமே அறியும். ஆனால் இந்த அலையைத் தண்ணீர் உறிஞ்சிவிடும் என்பதால் ஆன்டெனாவை நீர்க்கோட்டுக்கு மேலே வைத்தாக வேண்டும். ரேடியோவால் படகை இயக்கலாம் என்று நிக்கோலா டெஸ்லா நியூயார்க்கில் கூட்டத்தின் முன் செய்து காட்டியது 1898-இல். அவருடைய படகும் தொட்டித் தண்ணீரில் மிதந்த ஒரு மாதிரிப் படகுதான். இன்று ஆளில்லாமல் கடலை அளக்கும் கலங்களின் மூதாதை அது.

வெள்ளோட்டத்துக்கு முன் தோணியை இரண்டு நாள் தொட்டியில் ஊறப்போட்டோம். பலகை ஊறிப் பருத்து இடுக்குகள் தாமாகவே அடைய வேண்டும். பின் குளத்தில் விட்டபோது மிதந்தது, பாய் காற்றைப் பிடித்தது, ஓடவும் ஓடியது. ஆனால் நேராக ஓட மறுத்தது. காற்று சற்று வலுத்தவுடன் அணியம் தானாகவே காற்றை நோக்கித் திரும்பிவிடும். சுக்கானை முழுவதும் மறுபக்கம் பிடித்தாலும் கேட்காது. இரண்டு வாரங்கள் சுக்கானின் மேல் பழி போட்டு, அதன் பரப்பைக் கூட்டினேன், சர்வோவை மாற்றினேன். பயனில்லை. மூன்றாம் வாரம், எனக்கு அந்தக் கலத்தைக் கொடுத்த வீட்டுக்காரர், தம் தந்தை செய்த பொருள் தண்ணீரில் ஓடுவதைப் பார்க்கக் குளத்துக்கு வந்தார். எண்பதை நெருங்கிய அவர் இளமையில் தந்தையோடு உளி பிடித்தவர். பிறகு வேறு தொழிலுக்குப் போய்விட்டவர். ஒரு சுற்று ஓடிவரும் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தலை அமுங்கிக் கிடக்கு தம்பி. பாரத்தை நாலு விரல் அமரத்துக்குத் தள்ளிப் பாருங்க" என்றார். ஈயத் துண்டுகளைப் பின்னுக்கு நகர்த்தினேன். தோணி கயிறு பிடித்தாற்போல் நேராக ஓடியது.

முப்பத்தோராண்டு கப்பலில் இருந்தவனுக்குத் தெரியாத ஒன்று அவருக்கு ஒரு பார்வையில் தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் வாய் திறந்தார் என்றே சொல்ல வேண்டும். உப்பு ஏற்றினால் பாரம் எங்கே, வெங்காயம் ஏற்றினால் எங்கே, சரக்கின்றித் திரும்பும்போது மணல் எங்கே, வாடைக் காற்றில் எந்தப் பாயை முதலில் இறக்குவது என்று அன்று ஒரு மணி நேரம் பேசினார். இவற்றையெல்லாம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். "அதெல்லாம் அப்பா காலம், இப்ப என்ன ஞாபகம் இருக்கு" என்பதற்கு மேல் ஒரு சொல் வந்ததில்லை. கேள்வி கேட்டு எடுக்க முடியாத அறிவை, ஓடுகிற தோணி வெளியே கொண்டுவந்தது. கண்ணாடிப் பேழையில் நிற்கும் மாதிரி இதைச் செய்யாது. அதனால்தான் மாதிரிகள் தண்ணீரில் ஓட வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்கிறேன். இன்று தூத்துக்குடித் தோணிகள் எஞ்சினில் ஓடுகின்றன. பாயில் தோணி ஓட்டிய தண்டல்களும் அவற்றைக் கட்டிய ஓடாவிகளும் ஒவ்வொருவராக விடைபெற்றுக்கொண்டிருக்கிறார்கள். இருப்பவர்களைக் கரைக்கு அழைத்துவர எங்களிடம் உள்ள ஒரே அழைப்பிதழ் இந்தச் சிறு தோணிதான். இதுவரை ஐவர் வந்திருக்கிறார்கள். அவர்கள் சொன்னவற்றை இரண்டு நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருக்கிறோம்.

பிள்ளைகள் கரையில் நிற்பதைப் பற்றியும் அன்பர் வருந்தியிருந்தார். அவர்கள் நிற்பது உண்மை. அவர்களில் இருவர் இப்போது நிற்பதில்லை, கட்டுகிறார்கள். வ.உ.சிதம்பரனார் 1906-இல் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கத்துக்காக வாங்கிவந்த காலியா, லாவோ என்ற இரு கப்பல்களைப் பாடப்புத்தகத்தில் படித்தவர்கள், காலியாவைக் கட்ட வேண்டும் என்று வந்து நின்றார்கள். நீராவிக் கப்பலாகையால் அதற்கு மின்மோட்டார் போதும். தண்டு வழியாகத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்கக் குழாயில் கிரீஸ் அடைப்பது ஏன், மோட்டாரும் தண்டும் நேர்க்கோட்டில் இல்லாவிட்டால் மின்சாரம் ஏன் கூடுதலாகச் செலவாகிறது, கடல்நீரில் நிறுத்தினால் குளத்துநீரில் இருந்ததைவிடக் கலம் ஏன் சற்று உயர்ந்து மிதக்கிறது என்று அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்வதே எனக்குப் பெரும் மகிழ்ச்சி. ஆர்க்கிமிடீசின் விதியை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தவன், நூறு கிராம் ஈயம் கூட வைத்தால்தான் உப்புநீரில் பழைய கோட்டுக்கு அமிழும் என்று கணக்கிட்டுச் சொன்ன நாள் எனக்கு நினைவிருக்கிறது. ஒரு பள்ளியில் மாதம் ஒரு சனிக்கிழமை இதைக் கற்றுத்தர அனுமதி கேட்டபோது, தேர்வுக்குப் பயன்படாது என்று மறுத்துவிட்டார்கள். தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவில் கப்பல் மாதிரி கட்டுவது பயிற்சியாகவும் போட்டியாகவும் இருக்கிறது என்பதைப் பெற்றோர் பலர் அறிந்திருக்கவில்லை. கடலோர மாவட்டத்திலேயே இந்நிலை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பாதுகாப்பைப் பற்றி அன்பர் எழுதவில்லை. ஆனால் எழுதியிருக்க வேண்டும். சென்ற ஆண்டு ஆகாயத்தாமரையில் சிக்கி நின்றுவிட்ட ஒரு படகை எடுக்க, பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் சட்டையைக் கழற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினோம். அன்று முதல், படகு மூழ்கினாலும் சரி, எவரும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது எங்களுக்குள் மாறாத விதி. தூண்டில் நரம்பின் முனையில் டென்னிஸ் பந்தைக் கட்டி, படகுக்கு அப்பால் எறிந்து மெல்ல இழுத்தால் நரம்பு படகை அணைத்துக் கரைக்குக் கொண்டுவந்துவிடும். லித்தியம் பேட்டரிகளைப் பிள்ளைகளிடம் தருவதில்லை. அடிபட்டாலோ அளவு மீறிச் சார்ஜ் செய்தாலோ அவை தீப்பிடிக்கும். எடையைப் பாரமாகவே கொள்ளும் எங்கள் வகைக் கலங்களுக்குப் பழைய ஈய அமில பேட்டரியே போதும்.

இனிப் பறவைகளுக்கு வருகிறேன். இந்த ஒரு குறையை என்னால் மறுக்க முடியவில்லை. பல நாள் யோசித்துப் பார்த்தேன். எங்கள் ஊர்க் குளங்களில் ஐப்பசி கார்த்திகை மழையில்தான் தண்ணீர் வருகிறது, சித்திரையில் பெரும்பாலும் வற்றிவிடுகிறது. தண்ணீர் இருக்கும் அதே மாதங்களில்தான் வலசைப் பறவைகளும் வந்து தங்குகின்றன. பாய்த்தோணி சத்தமின்றி ஓடினாலும், தண்ணீரில் நகரும் எதையும் கண்டு அவை எழும்பத்தான் செய்கின்றன. ஆயிரக்கணக்கான கல் பறந்து வந்த உயிர்களுக்கு ஓய்வெடுக்க அந்தக் குளம் வேண்டும். எங்களுக்கு ஒரு காலைப்பொழுது தண்ணீர் இருந்தால் போதும். ஆகவே அந்தக் குளத்தை விட்டு நாங்களே விலகிக்கொள்வது என்று எங்கள் குழுவில் பேசி முடிவு செய்துவிட்டோம். அன்பரின் கடிதம்தான் அதற்குக் காரணம். அதற்காக அவருக்கு நன்றி கூறுகிறேன்.

விலகி எங்கே போவது என்பதுதான் நகர நிர்வாகத்தின் முன் நான் வைக்கும் வேண்டுகோள். கப்பல் லண்டன் அருகே டில்பரியில் நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை, விக்டோரியா பூங்காவின் ஏரிக்கரையில் முதியவர்கள் சிலர் நீராவியில் ஓடும் சிறு படகுகளை விட்டுக்கொண்டிருந்ததை மணிக்கணக்கில் நின்று பார்த்தேன். அங்குள்ள மாதிரி நீராவிப் படகுச் சங்கம் 1904-இல் தொடங்கியது. நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் மாதிரிப் பாய்க்கப்பல்களுக்கென்றே ஒரு குளம் இருக்கிறது, கரையில் படகுகளை வைக்க ஒரு கொட்டகையும் உண்டு. அவற்றைப் போல இங்கேயும் கட்டித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. 30 மீட்டருக்கு 20 மீட்டர் குளத்தை முழங்காலுக்குச் சற்று மேல், 60 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்பவே 3,60,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். குடிநீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும் ஊரில், பொழுதுபோக்குக்காக அத்தனை தண்ணீரைக் கேட்க எனக்கு மனம் இல்லை.

ஆனால் பூங்காக்களிலும் பொது இடங்களிலும் மழைநீரைத் தேக்கக் குளங்கள் வெட்டுகிறார்கள். எப்படியும் அவற்றில் தண்ணீர் நிற்கத்தான் போகிறது. அவற்றுள் ஒன்றே ஒன்றில், ஒரு பக்கம் மட்டும் செங்குத்தான சுவருக்குப் பதிலாக நான்கு படிகளும், படிக்கு முன்னால் முழங்கால் ஆழத்துக்கு ஒரு தளமும் அமைத்துத் தந்தால் போதும். ஈயத் தகட்டோடு சேர்த்து எங்கள் தோணிக்கு வேண்டியது ஒன்றேகால் அடி ஆழம்தான். பிள்ளை தவறி விழுந்தாலும் எழுந்து நிற்கலாம். ஞாயிறு காலை ஆறரை முதல் ஒன்பது வரை, மின்மோட்டாருக்கும் பாய்க்கும் மட்டும் அனுமதி என்று ஒரு பலகை வைத்தால் இரைச்சலுக்கும் வழி இருக்காது. கரையைப் பெருக்குவதும் ஆகாயத்தாமரையை அகற்றுவதும் எங்கள் பொறுப்பு.

தங்கள் வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எவர் வீட்டுப் பரணிலாவது பழைய தோணி மாதிரியோ வத்தை மாதிரியோ கிடந்தால், தயவுசெய்து எண்ணெய் தடவாதீர்கள், பெயிண்ட் பூசாதீர்கள், வெயிலில் காய வைக்காதீர்கள். தூசியை மென்மையான தூரிகையால் தட்டிவிட்டு, நான்கு பக்கமும் படம் எடுத்து, யார் செய்தது, எந்தத் தோணியைப் பார்த்துச் செய்தது என்று வீட்டுப் பெரியவர் சொல்வதை ஒரு தாளில் எழுதி உள்ளேயே வையுங்கள். கொடுக்க வேண்டியதில்லை, வந்து அளவெடுத்துக்கொள்ள அனுமதித்தால் போதும். இலங்கையின் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை சென்று சேர்ந்தது. அந்தக் கப்பலின் அளவுகளோ தெளிவான படங்களோ வைத்திருப்பவர்கள் இருந்தால் அவர்களுக்கும் இதே வேண்டுகோள். காலியாவை முடித்த பிறகு அதைத்தான் கட்ட வேண்டும் என்று பிள்ளைகள் இப்போதே சொல்லிவிட்டார்கள்.

கடிதம் எழுதிய அன்பர், மழைக்குமுன் எங்கள் கடைசி ஓட்டத்தைக் காண வரும் ஞாயிறன்று காலை அதே கரைக்கு வர வேண்டும் என்று அழைக்கிறேன். தண்ணீர் வற்றியிருக்கும் இந்த மாதத்தில் நடுவே இருக்கும் பள்ளத்தில்தான் ஓட்ட முடியும், பறவைகளும் இன்னும் வரவில்லை. பாரத்தை நாலு விரல் தள்ளச் சொன்ன பெரியவரும் அன்று வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்,
தூத்துக்குடி.